ஊற வைக்கும் நேரம்

அந்தக் குளியலறை அலமாரியைப் பார்த்தால் குடித்தனம் நடக்கிற வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூலிகைக் கடைக்குக் கிளை திறந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். செம்பருத்தித் தைலம், கற்றாழைக் களிம்பு, வெந்தயப் பொடி, நெல்லிப் பொடி, பூந்திக்கொட்டைத் தூள், வெங்காயச் சாறு கலந்த ஏதோ ஒன்று, அந்த வெங்காய நாற்றத்தை அடக்குவதற்காக ரோஸ்மேரி கலந்த இன்னொன்று. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சை இலைப் படம், ‘முற்றிலும் இயற்கை’ என்று ஒரு சத்தியம். பற்பசைக்கு அங்கே இடம் கிடையாது. பாவம், அது எப்போது விழலாம் என்று ஜன்னல் விளிம்பில் காத்துக்கொண்டிருக்கும். இத்தனை உபசாரமும் ஒரே ஒரு தலைக்கு.

தலை மகளுடையது. வாங்கி அடுக்கியவள் அம்மா.

அம்மாவுக்கு ஒரு பெரிய லாண்டரியில் வேலை. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விரிப்பும் தலையணை உறையும் வெளுத்துக் கொடுக்கிற இடம். அங்கே நீராவி இஸ்திரி மேசை அவளுடையது. கல்யாணத்துக்கு முந்தியே அந்த மேசைக்கு வந்தவள், கல்யாணம், பிரசவம் என்று சில நாள் விட்டதைத் தவிர அதை விட்டு நகரவில்லை. அதனால் எல்லாருக்கும் அவள் ஆவியக்கா. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம், “பின்னாடி ரூம்ல ஆவி இருக்கு, பார்த்துப் போங்க” என்று மற்றவர்கள் கிளப்பிவிடுவார்கள். நம்பி நடுங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தால், வெள்ளைப் புகைக்கு நடுவே குள்ளமாக ஓர் அம்மா வியர்த்து வழிந்துகொண்டு நிற்பாள். “என்னடி முழிக்கிற? அந்த மூட்டையை இப்படித் தள்ளு” என்பாள். பேய் பயம் அத்தோடு போய்விடும், வேறு பயம் வந்துவிடும்.

ஆவியக்காவின் விரல்களுக்கு அங்கே தனிப் புகழ் உண்டு. எல்லாரும் துணி சுற்றிப் பிடிக்கிற பாத்திரத்தை அவள் வெறுங்கையால் இறக்கிவைப்பாள். கொதிக்கக் கொதிக்க டீ வந்தால் மற்றவர்கள் முந்தானையைத் தேடுவார்கள். அவள் அப்படியே தூக்கிக் குடிப்பாள். “எனக்கெல்லாம் சுடாதுடி, பழகிப்போச்சு” என்று சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். சம்பாதித்துச் சேர்த்தது என்று வேறு எதைக் காட்டிப் பெருமைப்படுவாள், சொல்லுங்கள்.

மகளைப் பாப்பா என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிற பெண்ணை. சின்ன வயதில் வாய் ஓயாத பிள்ளை. திடீரென்று, ஸ்கூலில் மேல்வகுப்புக்குப் போன சமயம், வாயைப் பூட்டிக்கொண்டுவிட்டாள். “இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பாப்பா?” “ஒண்ணுமில்ல.” “யாரு கூட விளையாடின?” “ஒருத்தரும் இல்ல.” கரடியாகக் கத்தினாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது. வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்றார் அப்பா. அவருக்கு என்ன, வாரத்தில் பாதி நாள் லாரியில் ஊர் ஊராகப் போய்விடுகிற மனுஷன். வீட்டுக்குள் அந்த மௌனத்தோடு குடும்பம் நடத்தியவள் ஆவியக்காதான். பெற்ற பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பாப்பா ஸ்கூலிலிருந்து தலை நிறையப் பேன் கொண்டுவந்தாள். லாண்டரி விடுமுறை நாளில், வீட்டுக்கு இஸ்திரிக்கு வந்திருந்த துணிகளைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு, ஆவியக்கா கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையைக் கீழே உட்காரவைத்து முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள். சுருட்டை முடி, காடு மாதிரி அடர்த்தி. வகிடு எடுத்து எடுத்துச் சீப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது, எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பிள்ளை பேச ஆரம்பித்தது. கணக்கில் ஃபெயில். தோழி இப்போது வேறொருத்தியோடு சாப்பிடுகிறாள். டீச்சர் எல்லார் முன்னாலும் சிரித்தார்கள். கொட்டு கொட்டு என்று கொட்டியது. ஆவியக்கா மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. “ம்”, “அப்புறம்”, அவ்வளவுதான். முகம் பார்க்காமல் இருந்தால் இந்தப் பிள்ளைக்குப் பேச வருகிறது என்று அன்றைக்கு அவள் கண்டுபிடித்தாள்.

பேன் போய்விட்டது. அடுத்த வாரத்துக்கு ஒரு சாக்கு வேண்டுமே! எண்ணெய் வைக்கிறேன் வா என்றாள். பாப்பாவும் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் வைக்க எவ்வளவு நேரமாகும்? பேச்சு பாதியில் இருக்கும்போதே எண்ணெய் முடிந்துவிடும், பிள்ளை எழுந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆவியக்கா மூலிகைக் கடைக்குப் போக ஆரம்பித்தாள்.

அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் தலையைச் சொறிந்துகொள்வார். மற்ற பெண்கள் வந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். ஆவியக்கா பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம்தான் பார்ப்பாள்.

“எவ்வளவு நேரம் ஊறணும்னு போட்டிருக்கு?”

“இது புதுசா வந்திருக்குக்கா. தேய்ச்ச உடனே கழுவிடலாம். இந்தக் காலத்துல யாருக்கு நேரம் இருக்கு?”

“அப்ப அது வேண்டாம்.”

“இது அரை மணி நேரம் ஊறணும்.”

“அதுக்கு மேல ஊற வேண்டியது இல்லையா?”

“அக்கா, நீங்க முடிக்குப் போடறீங்களா, ஊறுகாய் போடறீங்களா?”

“உங்களுக்கு எதுக்கு? இருக்கா இல்லையா?”

இருந்தது. ஊற வைக்கிறதற்கா பஞ்சம்! முதலில் எண்ணெய். எண்ணெயைச் சூடாக்கி வைத்தால்தான் உள்ளே இறங்கும் என்று கடைக்காரர் சொன்னதால் சின்ன வாணலியில் காய்ச்சுவாள், விரலை முக்கிப் பார்ப்பாள், வெதுவெது என்று இருந்தால் வைப்பாள். அது ஊறியதும் பொடி குழைத்த பூச்சு. அதன் மேல் ஈரத் துண்டு. பிறகு அலசல், அப்புறம் கற்றாழை. அப்படி ஒவ்வொன்றாக ஏறி ஏறி, விடுமுறை நாளின் மாலைப்பொழுது முழுக்க அம்மாவுக்கும் மகளுக்கும் அந்தக் கட்டிலோரத்தில் கழிந்தது. சூடான எண்ணெய் உச்சியில் படும்போது பாப்பா தோளைக் குறுக்கிக்கொள்வாள். கூச்சம் என்று அம்மா நினைத்துக்கொள்வாள்.

லாரிக்காரருக்கு இந்த வைபவமெல்லாம் வேடிக்கை. ஒரு நாள் காலையில் பசியோடு வந்து இறங்கியவர், ஃபிரிட்ஜில் பச்சையாக ஏதோ கிண்ணத்தில் இருக்கிறதைப் பார்த்து ரொட்டியில் தடவி ஒரு பிடி பிடித்துவிட்டார்.

“தொட்டுக்க வெச்சது நல்லாத்தான் இருக்கு. உப்புதான் பத்தல.”

“அப்பா! அது என் தலைக்கு!”

“இயற்கைதானே? தலைக்குப் போனா என்ன, வயித்துக்குப் போனா என்ன? வயித்துல முடி முளைச்சா மட்டும் உங்கம்மாதான் பொறுப்பு.”

மகள் விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து ஆவியக்கா அன்றைக்கு லாண்டரியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி.

வருஷங்கள் ஓடின. ஸ்கூல் முடிந்தது, கண்ணாடிக் கடை வேலை கிடைத்தது. லென்ஸ் பொருத்துகிற இடத்தில் ஒரு பையன் நன்றாகப் பேசினான், அப்புறம் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதையும் பாப்பா சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள், தலையில் வெந்தயப் பூச்சோடு. அழுகையில் தலை குலுங்கியது. ஆவியக்காவுக்கு அவளைத் திருப்பி மாரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. திருப்பினால் பேச்சு நின்றுவிடுமே! பூச்சை இன்னும் ஒரு தடவை பூசினாள்.

பாப்பாவின் உச்சியில் முடி மெலிய ஆரம்பித்ததை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். கடைக்காரரிடம் ஓடினாள். வெங்காயச் சாறு வந்தது அப்போதுதான். அதற்கும் கேட்கவில்லை என்று அடுத்தது, அதற்கும் கேட்கவில்லை என்று இன்னொன்று. கொட்டக் கொட்டப் பாட்டில் கூடியது, பாட்டில் கூடக் கூடக் கொட்டியது. பாப்பா முடியைத் தூக்கிப் போட்டு மறைத்துக் கிளிப் குத்திக்கொண்டு கடைக்குப் போனாள். கண்ணாடிக் கடையில் எதை மறைக்க முடியும்? திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடி. மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்க வந்த ஒரு குழந்தை, “அம்மா, எனக்கு நல்லாத் தெரியுது. அந்த அக்காவுக்கு நடுத்தலையில முடியே இல்ல” என்று உரக்கச் சொல்லிவிட்டது. அந்த வாரம் சுவரைப் பார்த்து அதையும் சொன்னாள் பாப்பா. அம்மா மறுநாள் லாண்டரிக்கு லீவு சொல்லிவிட்டுத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் நிதானமான பெண். உருப்பெருக்கி வைத்து வெகுநேரம் பார்த்தார். என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். ஆவியக்கா வரிசையாகச் சொன்னாள், “எல்லாமே இயற்கைதாங்க டாக்டர்” என்று நடுநடுவே சேர்த்துக்கொண்டாள்.

“எண்ணெயைச் சூடு பண்ணுவீங்களா?”

“லேசாங்க. விரல் வெச்சுப் பார்த்துட்டுத்தான் வெப்பேன்.”

டாக்டர் பாப்பாவைப் பார்த்தார். “உனக்குச் சுடுமாம்மா?”

“இல்ல டாக்டர்” என்றாள் பாப்பா. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

டாக்டர் ஆவியக்காவின் கையை வாங்கித் திருப்பி, விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். “நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?” என்றார். சொன்னதும் தலையாட்டினார். அதைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை.

“தோல் திரும்பத் திரும்ப வெந்து, அது மேலயே காரமானது எல்லாம் பட்டு, உள்ளே தழும்பாயிடுச்சு. தழும்பு விழுந்த இடத்துல இனிமே முளைக்காதும்மா. பொய் சொல்லி உங்களை அலைய விட விரும்பல. சுத்தியிருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். ஒரு மருந்து தர்றேன், சாதாரண ஷாம்பூ ஒண்ணு. வேற எதுவும் தலைப்பக்கம் வரக் கூடாது. இயற்கையோ என்னவோ, எதுவும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆவியக்கா டாக்டரைத் திட்டிக்கொண்டு வந்தாள். படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா, சுடலைன்னு பிள்ளையே சொல்லுது, இவங்களுக்கு என்ன வந்தது என்று. பாப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் விரலைத் தடவிப் பார்த்த அந்தத் தடவல் மனதை விட்டுப் போகவில்லை. பாப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வழக்கம்போல அதே வாணலியில் எண்ணெயைக் காய்ச்சினாள். விரலை முக்கினாள். வெதுவெது. எப்போதும் போலத்தான். பிறகு ஒரு கரண்டியில் எடுத்து முழங்கைக்கு உள்பக்கம், இஸ்திரிச் சூடு படாத வெள்ளைத் தோலில், ஒரு சொட்டு விட்டாள். சுரீர் என்றது. “ஐயோ” என்று கையை உதறியதில் வாணலி கவிழ்ந்து அடுப்பெல்லாம் எண்ணெய். தோல் சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் எழும்பியது.

இதையா ஊற்றினேன்? வாரா வாரம் இதையா என் பிள்ளை தலையில் ஊற்றினேன்? ஆவியக்கா சமையலறைத் தரையில் சரிந்து, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவி, பாவி என்று அந்த விரல்களைத் தரையில் அடித்துக்கொண்டாள். அதுவும் அவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

அன்றைக்கே அலமாரியைக் காலிசெய்தாள். தைலங்களைக் கொட்டினாள், பொடிகளைக் குப்பையில் போட்டாள், தேய்த்துத் தேய்த்துப் பலகையைக் கழுவினாள். மறுநாள் வந்த லாரிக்காரர், “அடேயப்பா, குளியலறைக்குள்ள லாரியே நிறுத்தலாம் போலிருக்கே” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஒரு ஷாம்பூ, சுண்டுவிரல் அளவு மருந்துக் குழாய், பற்பசை. அவ்வளவுதான் இனி அந்த அலமாரி.

விடுமுறை நாள் வந்தது. பாப்பா மருந்துக் குழாயோடு கட்டிலோரம் வந்து நின்றாள்.

“போட்டு விடும்மா.”

“நீயே போட்டுக்கோ. கண்ணாடி பார்த்துப் போட்டுக்கோ. என் கை வேண்டாம்.”

“ஏம்மா?”

“வேண்டாம்னா வேண்டாம். போ.”

குரல் கடுமையாகத்தான் வந்துவிட்டது. தன் கையை நினைத்துச் சொன்னாள். பிள்ளை எப்படி எடுத்துக்கொண்டதோ. பாப்பா குளியலறைக்குப் போய்த் தானே போட்டுக்கொண்டாள். ஆவியக்கா இஸ்திரி மேசையை விரித்து, அண்டை வீட்டார் கொடுத்திருந்த துணிகளை எடுத்துக்கொண்டாள். அடுத்த விடுமுறைக்குப் பாப்பா கேட்கவில்லை. “கடையில என்ன பாப்பா?” “ஒண்ணுமில்ல.” பழையபடி பூட்டு விழுந்துவிட்டது. விழாமல் என்ன செய்யும்? தலையைப் பொசுக்கியவளிடம் யார் மனசைத் திறப்பார்கள் என்று ஆவியக்கா தன்னையே நொந்துகொண்டாள். மகளிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. ஆமாம், உன்மேல்தான் கோபம் என்று சொல்லிவிட்டால்?

பிறகு ஒரு நாள் பாப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “வேற ஊர்ல கிளை திறக்கறாங்க. என்னைப் போகச் சொல்லியிருக்காங்க. சரின்னுட்டேன்.” இரண்டே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ‘சரின்னுட்டேன்’. ஆவியக்கா “நல்லது” என்றாள். வேறென்ன சொல்ல?

கிளம்புகிற காலையில், அப்பாவே லாரியில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அவர் கீழே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆவியக்கா விடிந்ததிலிருந்து மகளின் உடுப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டதையே திரும்பவும் போட்டாள். பாப்பா தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, மடித்துக் கொடுப்பதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இனி எப்போது கேட்பது என்று ஆவியக்காவுக்குத் தோன்றியது. கேட்டுவிட்டாள்.

“பாப்பா. அந்த எண்ணெ… அப்பல்லாம் சுட்டுச்சா?”

பாப்பாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

“சுட்டுச்சும்மா.”

“எப்பலேருந்து?”

“மொதல்லேருந்தே.”

“பாவி மகளே! ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தை, அம்மா சுடுதுன்னு ஒரே ஒரு வார்த்தை… டாக்டர் கேட்டப்பகூட இல்லைன்னியே! வாய் இல்லையா உனக்கு?”

“சொன்னா நீ நிறுத்திடுவ.”

“நிறுத்தினா என்ன? நாசமாப் போன எண்ணெதானே?”

“எண்ணெ இல்லம்மா.” பாப்பா இப்போது நிமிர்ந்து அம்மாவை நேராகப் பார்த்தாள். “நீ எப்பவும் நின்னுக்கிட்டேதான் இருப்ப. லாண்டரியில நிப்ப, வீட்டுக்கு வந்தா இந்த மேசைக்கிட்ட நிப்ப. ஸ்கூல் விட்டு வந்து உன்கிட்ட ஏதாவது சொல்லலாம்னு பக்கத்துல வருவேன். ‘தள்ளி நில்லு, சூடு பட்டுடும்’னு சொல்லுவ. தினமும் அதேதான். அப்புறம் நான் வர்றதையே விட்டுட்டேன். நீ என்கூட உக்காந்தது தலைக்குப் போடுறப்ப மட்டும்தான். சுட்டா சுடட்டும்னு இருந்துட்டேன்.”

ஆவியக்கா இத்தனை வருஷமாகப் பிள்ளை தனக்குக் கொடுத்த நேரம் என்று எண்ணி, அதை எப்படியாவது இழுத்துப் பிடிக்கப் பார்த்தாளே. அந்தப் பக்கத்தில் பிள்ளையும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒருத்தி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இன்னொருத்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டியிருக்காது.

கீழேயிருந்து ஹாரன் சத்தம் வந்தது.

ஆவியக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். மேசைக்குப் பக்கத்தில், அங்கேயே, துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

“உக்காந்துட்டேன் பாப்பா. பேசு.”

“அப்பா கூப்பிடறாரும்மா.”

“ஒரு நிமிஷம்டி. ஏதாவது பேசு.”

பாப்பா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். குனிந்து அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது. பிள்ளை அழுகிறாள் என்று கண்ணால் பார்த்துத்தான் ஆவியக்காவுக்குத் தெரிந்தது. விரல்களுக்கு அது தெரியவில்லை.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டுப் பாப்பா படியிறங்கிப் போனாள்.